வடக்குச் சன்னல்

ஷார்ஜாவில், பதினோராவது மாடியில்,
சூரியன் என் ஆள்காட்டி விரலுக்கடியில் இருக்கிறது.
இழுத்தால் வரும். விட்டால் நிற்கும்.
மணி என்ன என்று கேட்டால்
எத்தனை வேண்டும் என்று கேட்கும்.

அஜ்மானில், கடலுக்கு நாலு தெரு தள்ளி,
ஒரு செங்கல்கூட வைக்காத கோபுரம்.
வியாழன் மாலைக்குள் படம் வேண்டும்.

முதலில் எங்கும் நிறைந்த ஒளியைப் போட்டேன்.
அதற்குத் திசை இல்லை, நிழல் இல்லை,
சோபாவையும் சுவரையும் பழக்கிண்ணத்தையும்
ஒரே மாதிரி மன்னித்துவிடும்.
அறை காய்ச்சல்காரன் நாக்குபோல்
சப்பென்று கிடந்தது.

"உயிர் இல்லை" என்றார் ஹிஷாம்.
கெய்ரோக்காரர். தேநீரில் ஐந்து சர்க்கரை.
அவருக்கு உயிர் பொன்னிறம்.

பின்லாந்தில் எவரோ படமெடுத்து விற்ற வானத்தை
பதினெட்டு டாலருக்கு வாங்கி
அஜ்மான்மேல் கவிழ்த்தேன்.
மேசைவிளக்கில் ஒரு புள்ளி ஒளி,
இரண்டடி தள்ளினால் கால்வாசியாகிவிடும் கஞ்சன்.
ஓவியத்தின்மேல் கூம்பு ஒளி,
போலீஸ்காரன் டார்ச் அடிப்பதுபோல்.
கேமராவின் முதுகுக்குப் பின்னால்
கேமராவுக்கே தெரியாத ஒரு தட்டு விளக்கு.
அதில் ஒரு கேள்வி இருக்கும்:
நிழல் விழட்டுமா?
வேண்டாம் என்று அழுத்தினேன்.

கடைசியில் சூரியன்.
சன்னல் வடக்கே பார்த்தது.
நான் சூரியனை வடக்கே வைத்தேன்.
கதிர்கள் ஒன்றையொன்று தொடாமல், வரிசையாக,
பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உள்ளே வந்து
தரையில் உட்கார்ந்தன.
ஹிஷாம் என் தோளைத் தட்டினார்.

மூன்று வருஷம் கழித்து
அமலோற்பவம் வந்தார்.
அல் காசிமியாவில் நர்ஸ். தூத்துக்குடி.
கையில் அந்தப் படம்,
லேமினேட் செய்து, ஓரம் மஞ்சளாகி.
விற்பனைக்காரர்கள் அடியில் இருந்த
பொடி எழுத்தைக் காட்டி அனுப்பிவிட்டார்களாம்.
குரலை உயர்த்தவில்லை.
ஊசி போடுமுன் நரம்பு தேடும் விரலால்
தரையின் அந்தப் பொன் கட்டத்தைத் தொட்டு,
"இது எந்நேரம் வரும் தம்பி?" என்றார்.
"பால் காய்ச்சி எட்டு மாசமாச்சு. இன்னும் வரல."

ஹிஷாம் கழிவறைக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி கோப்பைத் திறந்தேன்.
பின்லாந்தைக் கழற்றினேன்.
முதுகுக்குப் பின்னிருந்த விளக்கை அணைத்தேன்.
அஜ்மானின் அட்சரேகை, தீர்க்கரேகை,
பக்கத்தில் புதிதாய் முளைத்த இரண்டு கட்டடம்,
அவற்றின் தண்ணீர்த் தொட்டிகள் உட்பட.
பிறகு ஒரு வருஷத்தை
ஐந்து நிமிஷத் துண்டுகளாக ஓட்டினேன்.

ஜனவரி, இருட்டு. மார்ச், இருட்டு.
ஏப்ரலில் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய
கொஞ்சம் சாம்பல்.
ஜூன் பதினொன்றில் நிறுத்தினேன்.
நம் கோடைச் சூரியன்
மேற்கைத் தாண்டி வடக்கே சாய்ந்து விழுகிறவன்,
மறந்தே போயிருந்தேன்.
இரு கட்டட இடுக்கு வழியே
ஒரு முழ அகலக் கீற்று.
மாலை ஆறு முப்பத்தெட்டு முதல் பதினான்கு நிமிஷம்.
ஜூலை ஒன்று வரை.

ஒப்பனை இல்லாமல், புள்ளி புள்ளியாய் இரைச்சலோடு,
அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன்.
தேதியும் நேரமும் எழுதி.
மன்னிப்பு எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்து.

பதில்: "அந்நேரம் எனக்கு டூட்டி."

அப்புறம் ஒன்றுமில்லை.
நானும் வேறு கோபுரங்களுக்குச்
சூரியன் வைத்துக்கொண்டிருந்தேன்,
வடக்கில் மட்டும் வைப்பதில்லை. ஹிஷாமுக்கு வருத்தம்.

ஜூன் பத்தொன்பது, ஆறு நாற்பத்தைந்து,
ஒரு போட்டோ வந்தது.
யாரிடமோ ஷிஃப்ட் மாற்றியிருக்கிறார்.
சுவரில் கீற்று, அதில் தொங்கும் யூனிஃபார்ம்,
கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.
கூரையில் லேசாய், நடுங்கும் நீலம்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
வாளியின் நீலம், தண்ணீரில் ஏறி, கூரைக்குப் போயிருக்கிறது.
அதை நான் போடவில்லை.